முதலில் தோளை இறக்கு

தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்க வரும் இளைஞர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "அங்கிள், உள்சக்தி எப்போ வரும்?" தொடாமலே ஆளைப் பத்தடி தூரம் பறக்கவிடும் காணொளி எதையாவது பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். சிங்கப்பூர் பீஷான் பூங்காவில் காலைப் பயிற்சிக்கு வரும் கிழவர்களில் நானும் ஒருவன். சிஃபுவிடம், அதாவது எங்கள் ஆசானிடம், கேட்கப் பயந்து என்னிடம் கேட்பார்கள். "வரும் தம்பி, ஆனா நீ நினைக்கிறது வராது" என்பேன்.

அவர்கள் நினைப்பது எங்கே போய் முடியும் என்பதை உலகமே பார்த்துவிட்டது. 2017-இல் செங்டு நகரில் ஷு ஷியாவ்டோங் என்ற கலப்புச் சண்டை வீரர், வெய் லெய் என்ற தைச்சி ஆசிரியரைச் சில விநாடிகளில் கீழே தள்ளினார். 2020-இல் மா பாவ்குவோ என்ற அறுபது கடந்த ஆசிரியர் அரை நிமிடத்துக்குள் மூன்று முறை விழுந்தார். தைச்சியே புளுகு என்று பலர் அன்றைக்கே தீர்ப்பு எழுதினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். தொட்டதும் தானே விழுந்து காட்டும் மாணவர்களோடு மட்டும் பழகியவருக்குத் தன் பலம் எவ்வளவு என்று தெரிய வழியில்லை.

ஹெனான் மாநிலத்து சென் குடும்பக் கிராமத்தில் இந்தக் கலை சண்டைக்காகவே வளர்ந்தது. அங்கே கற்ற யாங் லூச்சான் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு பயிற்சிக்குப் பத்து விதிகள் சொல்லிவைத்தார். முதல் ஐந்து விதிகளில் மந்திரம் எதுவும் இல்லை. தலையை எப்படி வைப்பது, மார்பையும் முதுகையும் எப்படி விடுவது, இடுப்பைத் தளர்த்துவது, எந்தக் காலில் எடை இருக்கிறது என்று அறிவது, தோளையும் முழங்கையையும் தொங்கவிடுவது, அவ்வளவுதான். தசைபலத்தை விட்டு மனத்தால் இயங்கச் சொல்வது ஆறாவதாகத்தான் வருகிறது. நம் பிள்ளைகள் நேரே ஆறாவதற்குத் தாவுகிறார்கள்.

எங்கள் சிஃபு புதிதாக வருபவரை வெறுமனே நிற்கவைப்பார். இதற்கு ஜான் ஜுவாங் என்று பெயர், நட்ட கம்பம்போல நிற்பது. வாங் ஷியாங்ஜாய் என்ற ஆசான் இந்த நிற்றலையே மையமாக வைத்து யீச்சுவான் என்ற தனி முறையை உருவாக்கினார். பாதங்கள் தோளகலம். முழங்கால் லேசாக மடங்கவேண்டும், பெருவிரலைத் தாண்டக்கூடாது. கைகள் பெரிய குடத்தை அணைத்ததுபோல மார்புக்கு நேரே. இரண்டு நிமிடம் சுலபம். மூன்றாவது நிமிடத்தில் தொடை எரியும், கை நடுங்கும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். சிஃபு பின்னால் வந்து தோள்மேல் இரண்டு விரலை வைப்பார், அழுத்தமாட்டார். அப்போதுதான் அது ஏறியிருப்பதே நமக்குத் தெரியும். இறக்குவோம். அவர் விரலை எடுத்ததும் மறுபடி ஏறும்.

நான் கப்பல் பட்டறையில் மேற்பார்வை பார்த்தவன். ஆட்களைக் கூப்பிடவும் விரட்டவும் வருடக்கணக்கில் தூக்கியே வைத்திருந்த தோள் அது. அதை இறக்கக் கற்றதும் வீட்டில் என் குரலும் இறங்கியதாக என் மனைவி சொல்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தோள் இறங்கினால் பலம் எப்படி வரும்? கையை நீட்டித் தள்ளும்போது, நீட்டும் தசையோடு மடக்கும் தசையும் இறுகிவிடுகிறது. நம் பலத்தில் ஒரு பங்கை நாமே தடுத்துக்கொள்கிறோம். அந்தத் தடை விலகினால், பாதம் தரையை உந்தும் விசை கால், இடுப்பு, முதுகு வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. அடிவயிற்றில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தான்தியென் என்று சீனர் சொல்லும் இடத்தில் கவனத்தை வைக்கச் சொல்வதிலும் நடைமுறைப் பயன் உண்டு. கவனம் அங்கே போனால் மூச்சு நெஞ்சை விட்டு வயிற்றுக்கு இறங்கும், உடம்பும் நடுவிலிருந்து திரும்பப் பழகும். சூடாக ஏதோ ஓடுகிறது, விரல் நுனி துடிக்கிறது என்பார்கள். எனக்கும் உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இந்தப் பலத்தைச் சோதிக்க துய்ஷோ இருக்கிறது. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று ஒருவரையொருவர் நிலை தடுமாறச் செய்யப் பார்ப்பார்கள். என்னோடு பழகும் பாலிடெக்னிக் பையன் என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. அவன் முழு வேகத்தில் தள்ளும்போது நான் எதிர்க்காமல் இடுப்பைத் திருப்பினால், அவன் விசையே அவனை முன்னால் இழுத்துப்போகிறது. சொன்னபடி நடக்காத நாட்களும் உண்டு. அன்று புல்லில் விழுந்து எழுவேன்.

விழுவது என்றதும் இன்னொன்று. 1996-இல் அட்லாண்டாவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 15 வாரம் தைச்சி பழகியவர்களிடம் திரும்பத் திரும்பக் கீழே விழும் அபாயம் ஏறத்தாழப் பாதி குறைந்தது. பேருந்துப் படியில் தடுமாறாமல் இறங்குவதும் உள்சக்திதான் என்றால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். நீங்கள் நாளைக் காலை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முழங்கால் வலித்தால் இன்னும் நிமிர்ந்து நில்லுங்கள், மூச்சை அடக்காதீர்கள். ஆசிரியரைத் தேடும்போது, தன்னை நன்றாகத் தள்ளிப்பார்க்க உங்களை விடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். விடவில்லை என்றால் காசைக் கட்டாதீர்கள்.