டொபி ஏன் ஒட்டுகிறது?

தலவாக்கலையில் மே மாதம் தொடங்கும் மழை சில வருடங்களில் செப்டெம்பர் வரை விடாது. உடுப்பு காயாது. உப்புப் போத்தலில் தண்ணீர் கோக்கும். எங்கள் வீட்டில் இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: உம்மா செய்யும் இஞ்சி டொபி ஒட்டிக்கொள்ளும்.

முதுகு வலியால் வாப்பா லொறி ஓட்டுவதை விட்ட பிறகு, என் டியூஷன் காசு டொபியிலிருந்துதான் வருகிறது. டவுனில் இரண்டு கடைகள் எடுக்கின்றன. வெயில் காலத்தில் போத்தல் வெறுமையாகத் திரும்பும். மழைக் காலத்தில் கடதாசியோடு ஒட்டிப்போன டொபி பாதிப் போத்தல் திரும்பி வரும். "ஈரம் குடிச்சிட்டு" என்பார் உம்மா. ஈரம் குடித்தால் கல் போன்ற பொருள் ஏன் களியாக வேண்டும்? இரசாயனவியல் படிக்கும் எனக்கு அதை அறியாமல் இருக்க முடியவில்லை.

கடையில் வாங்கும் சீனி பளிங்கு. அதன் மூலக்கூறுகள் தொழுகை வரிசை போல ஒழுங்காக நிற்கின்றன. பாகாகக் காய்ச்சி விரைவாக ஆறவிட்டால் அவற்றுக்கு வரிசை கட்ட நேரம் கிடைப்பதில்லை. நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. அப்படி உறைந்ததுதான் கண்ணாடி நிலை. ஜன்னல் கண்ணாடியைப் போல டொபியும் ஒரு கண்ணாடியே. இவ்வாறான பொருளைச் சூடாக்கும்போது, ஒரு வெப்பநிலையை அண்டியதும் மூலக்கூறுகள் அசையத் தொடங்கிப் பொருள் இளகும். அதுவே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. ஜன்னல் கண்ணாடிக்கு அது 500 பாகை செல்சியசுக்கும் மேலே. ஈரமில்லாத சீனிக்கு ஏறத்தாழ 62 பாகை. தண்ணீருக்கோ பூச்சியத்துக்குக் கீழே 137 பாகை.

இரண்டு பொருள்கள் கலந்தால் அந்த வெப்பநிலை எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க 1956இல் பொக்ஸ் என்ற விஞ்ஞானி ஓர் எளிய சமன்பாடு தந்தார். ஒவ்வொரு பொருளின் நிறைப் பங்கையும் அதன் கெல்வின் வெப்பநிலையால் வகுத்துக் கூட்டி, கூட்டுத்தொகையைத் தலைகீழாக்க வேண்டும். டொபியில் 5 வீதம் தண்ணீர் என்று வைத்துக் கணக்கிட்டேன். 39 பாகை வந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு சூடு ஒருநாளும் இல்லை. அப்படியானால் டொபி ஒட்டவே கூடாது. ஆனால் ஒட்டுகிறதே!

விடை 1952இல் வெளிவந்த கோர்டன் – டெய்லர் சமன்பாட்டில் இருந்தது. அதில் பரிசோதனையால் கண்டறியும் ஒரு மாறிலியும் சேர்கிறது. சீனிக்கும் தண்ணீருக்கும் அது ஏறத்தாழ 5. அதைப் பிரதியிட்டால் அதே 5 வீத ஈரத்துக்கு விடை 20 பாகைதான். எங்கள் ஊர்ப் பகல் வெப்பநிலையே கிட்டத்தட்ட அவ்வளவு! சிறிதளவு தண்ணீரே சீனி மூலக்கூறுகளுக்கு அவ்வளவு அசைய இடம் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு சங்கதியும் தெரிந்தது. பாகு பூத்துப் போகாமலிருக்க உம்மா தேசிக்காய்ப் புளி விடுவார். புளியிலுள்ள அமிலம் சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் உடைக்கிறது. குளுக்கோசின் நிலைமாற்ற வெப்பநிலை 31 பாகை, புரக்டோசினது வெறும் 5 பாகை. புளி கூடினால் டொபி பூக்காது, ஆனால் சீக்கிரம் இளகும்.

உம்மாவிடம் சொன்னேன். இரண்டு சட்டியில் காய்ச்சினோம், ஒன்றில் வழக்கமான புளி, மற்றதில் பாதி. இரண்டையும் குசினி ஜன்னலோரம் திறந்து வைத்தோம். புளி கூடியது முதலில் ஒட்டியது. அதற்குப் பிறகு புளியைக் குறைத்தோம், பாகை இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சினோம், ஆறியவுடன் கடதாசி சுற்றி இறுக்கமான மூடிப் போத்தலில் போட்டோம். இந்த மழைக்குத் திரும்பி வந்தவை குறைவு. ஒரு கடையில் போத்தல் மூடி எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதற்கு எந்தச் சமன்பாட்டிலும் மருந்தில்லை.

பதம் பார்க்க உம்மா ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எடுத்து உடைப்பார். 'டக்' என்று முறிந்தால் இறக்குவார். இளகினால் இன்னும் காய்ச்சுவார். முறிந்தால், அதன் நிலைமாற்ற வெப்பநிலை அந்தத் தண்ணீரின் வெப்பநிலையைவிட மேலே என்று அர்த்தம். புத்தகங்கள் 150 பாகை வரை காய்ச்சச் சொல்கின்றன. மலையில் தண்ணீர் கொதிப்பதே 96 பாகையளவில் என்பதால் இங்கே அந்தக் கணக்கு நாலைந்து பாகை தவறும். உம்மாவின் துளி கொழும்பிலும் தலவாக்கலையிலும் ஒரே உண்மையைத்தான் சொல்லும்.

பால்மா கட்டிபடுவதும், உடனடித் தேயிலைத் தூள் போத்தலில் இறுகுவதும் இதே காரணத்தால்தான். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் எங்கள் ஊரில் செயின்ட் கூம்ஸில் இருக்கிறது. அந்த வழியால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உள்ளே வேலை செய்ய ஆசை வரும். அதற்கு முதலில் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரை டொபி விற்க வேண்டும். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் போத்தலின் மூடியை இறுக்கமாக மூடுங்கள்.