எம்-சீல் வைத்தது நான்தான்

என் காரின் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பில் எம்-சீல் வைத்து அடைத்தவன் நான்தான். எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பையன் அல்ல. அவன்தான் செய்தான் என்று என் தங்கை வீட்டுக்காரரிடமும், கேட்ட இன்னும் சிலரிடமும் சொன்னேன். அது பொய்.

பிரேக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நான் இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பாடி. 1962-ல் உருவான பிரேக்ஸ் இந்தியா அங்கே இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகளும் ஏராளம். அப்படி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பைப்பை பெஞ்சில் மாட்டி, பிரஷர் ஏற்றி, கேஜின் முள் இறங்குகிறதா என்று கண் எடுக்காமல் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. முள் துளி அசைந்தாலும் அந்தப் பைப் ரிஜெக்ட். முகம் தெரியாத யாரோ ஓட்டப்போகிற வண்டிக்கு அவ்வளவு கவனம் வைத்திருந்தேன்.

என் வண்டி 2015 வெள்ளத்தில் நனைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் மறுபடியும் அதன் அடிப்பாகம் மூழ்கியது. வடிந்ததும் எஞ்சின், சீட், வயரிங் எல்லாவற்றையும் பார்த்தேன். அடியில் ஓடும் பைப்புகளை மட்டும் பார்க்கவில்லை. அவை இரும்புப் பைப்புகள். வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், பென்சிலைவிட ஒல்லி. வண்டியின் பாடியோடு சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்குள் சேறு புகுந்துவிட்டால் அந்த இடம் லேசில் காயாது. கிளிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைப் நன்றாகவே தெரியும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

அடுத்த கோடையில் பிரேக் ஆயில் மட்டம் இறங்கத் தொடங்கியது. பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும்தான், ஆனால் அது மாதக்கணக்கில் மெல்ல நடப்பது. இது அப்படி இல்லை என்று தெரிந்தும், பேட்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஊற்றிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு நாள் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, டார்ச்சோடு அடியில் படுத்தேன். இடது பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பில், கிளிப்பை ஒட்டி, விரல் நகம் அளவுக்கு ஈரம். சுற்றியிருந்த புழுதி எல்லாம் உலர்ந்திருக்க, அங்கே மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. கிளிப்பை நெம்பினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கசிவின் மேலே பெயின்ட் சுருங்கி உரிந்திருந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். அது கசிவுதான் என்பதில் எனக்கு அப்போது கடுகளவும் சந்தேகம் இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்றும் தெரியும். ஒரு நட்டிலிருந்து அடுத்த நட்டு வரை முழுப் பைப்பையும் மாற்ற வேண்டும். முனைகளை மெஷினில் ஒழுங்காக ஃப்ளேர் பண்ணியிருக்க வேண்டும். பிறகு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். துருப்பிடித்த நட்டு கழன்று வராது, வீல் சிலிண்டர் வரைக்கும் வேலை இழுக்கும் என்று மலைத்தேன். செலவையும் கணக்குப் பார்த்தேன். உப்புத்தாளால் தேய்த்து, எம்-சீலைப் பிசைந்து சுற்றினேன். மறுநாள் காலை தரையில் சொட்டு இல்லை. "சரி பண்ணிட்டேன்" என்றேன்.

நிற்கிற வண்டியின் பைப்பில் பிரஷரே கிடையாது. காலால் அழுத்தும்போதுதான் அது ஏறுகிறது. ஓங்கி மிதித்தால் 100 பாரையும் தாண்டும். தண்ணீர்க் குழாயை அடைக்கிற மாவு அதைத் தாங்காது. என் மகனைக் கூப்பிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, கீழே நான் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆயுசு முழுக்க அந்தச் சோதனையைச் சம்பளத்துக்குச் செய்தவன், அன்று செய்யவில்லை. செய்தால் முழு வேலையையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்தான் செய்யவில்லை.

ஆடி வெள்ளிக்குக் குடும்பத்தோடு திருவேற்காடு போக மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர், வண்டி கேட்டார். சாவியைக் கொடுத்தேன். வானகரம் சாலையில், முன்னால் லாரி நிற்க, இவர் மிதித்த பெடல் அடி வரைக்கும் போயிருக்கிறது. வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்த பிறகு, லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறது. இந்த வண்டியில் பிரேக் லைன் இரண்டு பாகம், குறுக்காகப் பிரிந்தவை. இடது பின்சக்கரமும் வலது முன்சக்கரமும் செத்தாலும் மற்ற இரண்டும் பிடிக்கும். அவர்கள் உயிரோடு திரும்பியதற்கு அந்த அமைப்புதான் காரணம். நான் செய்த எதுவும் அல்ல.

அங்கே பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். "மச்சான், பைப்ல எம்-சீல் வச்சிருக்கு. யார் வச்சது?" எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் பெயரை விட எனக்கு மனசு வரவில்லை. "நம்ம தெருமுனைப் பையன்தான் மாப்பிள்ளை, அவனை நம்பிக் குடுத்துட்டேன்" என்றேன்.

மறுநாள் அவர் அந்தக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டபோது நானும் கூட நின்றேன். "இந்த வண்டி பிரேக்க நான் தொட்டதே இல்லண்ணே, எஞ்சின் ஆயில்தான் மாத்துனேன். சாரையே கேளுங்க" என்று பையன் என்னைப் பார்த்தான். வண்டி விட வந்திருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சிலர் அவனிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள்.

போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். தங்கைதான் கேட்டாள்: "பாப்பாவும் அந்த வண்டியிலதான இருந்தா, தெரிஞ்சுதான குடுத்த?" ஆமாம் என்றேன்.

பையனின் கடைக்கும் போனேன், ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "சரி சார். உங்க வண்டிய மட்டும் இனிமே இங்க விடாதீங்க" என்றான். அவன் சொன்னது நியாயம். என்னை நம்பி அவன் கடைக்குப் போகாமல் இருப்பவர்களில் வீடு மாற்றிக்கொண்டு புதூருக்கும் கொரட்டூருக்கும் போனவர்களும் உண்டு. அவர்கள் கண்ணிலும் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.