அத்தனையும் புழு!

(இளமறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்பார் என் அப்பத்தா. வெளியே பகட்டு, உள்ளே அழுக்கு என்பது பொருள். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

இராசிபுரத்தை அடுத்த எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஓர் அத்தி மரம் நின்றது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழுத்துவிட்டால் பகலில் குக்குறுவானும் குயிலும் மைனாவும் வரும். இரவில் வௌவால் வரும். உதிர்ந்த பழங்களில் ஈ மொய்க்கும். “கிணறெல்லாம் குப்பை, வெட்டிடலாம்ப்பா” என்று சொன்னவன் நானே. பத்தாம் வகுப்பு முடித்த 2022 கோடையில் மரம் சாய்ந்தது. “பட்சி வந்து போற மரம், கண்ணு” என்று அப்பத்தா மட்டும் முனகினார்.

சென்ற ஆண்டு எங்கள் பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் அத்திக்காய் ஒன்றை நறுக்கி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். பார்த்தேன், நாணினேன். எண்ணி மாளாத சிறு பூக்களை உள்ளே வைத்து மூடிய செப்பு அது! அதனால்தான் அத்தி பூத்ததை எவரும் கண்டதில்லை. சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி, நுனித் துளை வழியே சிறகு உதிர நுழைகிறது. வேறோர் அத்தியிலிருந்து கொணர்ந்த மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. உள்ளே பிறக்கும் ஆண் குளவிக்குச் சிறகே இல்லை. அது பெண்ணோடு கூடி, அவள் வெளியேற வழி துளைத்துக் கொடுத்துவிட்டு மடிகிறது. மகரந்தம் சுமந்து பறக்கும் பெண்ணுக்கோ ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் பிஞ்சு விட்ட இன்னோர் அத்தி கிடைக்க வேண்டும்.

கிடைக்காவிட்டால்? அந்தக் கேள்வி என் நெஞ்சைச் சுட்டது. குளவி போன பின்பே பழம் சிவக்கிறது, பறவை வருகிறது, விதை ஊர் கடக்கிறது. நான் வெட்டச் சொன்னது ஒரு மரத்தை மட்டுமா?

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். வரப்புப் பனையின் மட்டை இடுக்கில், பறவை எச்சத்தில் முளைத்த ஆலங்கன்று ஒன்று நின்றது. “விட்டா பனையக் கொன்னுபோடும், பிடுங்கி எறி” என்றார் அப்பா. பிடுங்கினேன், எறியவில்லை. ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டேன்.

அத்திக்கு ஆல் ஈடாகாது. ஆலுக்கு வேறு குளவி. அத்திக் குளவிக்கு அதில் இடமில்லை. ஆயினும் குக்குறுவானுக்கு அதில் பங்குண்டு. இப்போது நான்கு இலை விட்டிருக்கிறதாம். தண்ணீர் ஊற்றுபவர் அப்பத்தா.