பிறையை மறைக்கும் மெல்லிய மேகம்

பிறை தேடும் மாலைகளுக்குப் பின் நம் ஊர்களில் ஒரு வாக்குவாதம் எழுவது வழக்கம். "வானம் தெளிவாகத்தானே இருந்தது? இத்தனை பேர் பார்த்தும் தென்படவில்லையே!" என்பார்கள். வேறோர் ஊரில் கண்டதாகத் தகவல் வரும். சாட்சி சொன்னவரின் நேர்மையே கேள்விக்குள்ளாகும். ஒரே தெருவில் இரு பெருநாள்கள் வரும்.

மேகம் மறைத்தால் மாதத்தை 30 நாள்களாக நிறைவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தைக் கற்பிக்கும்போது, "மேகம் என்றால் எது?" என்று மாணவர்களிடம் கேட்போம். அனைவரும் கருமேகத்தையே சொல்வார்கள். வெண்பஞ்சைப் பிரித்து இழுத்தாற்போல் மிக உயரத்தில் தெரியும் கீற்று மேகம் எவர் நினைவுக்கும் வருவதில்லை. 1802இல் மேகங்களுக்குப் பெயர் சூட்டிய ஆங்கிலேயர் லூக் ஹோவர்ட், இதற்குச் 'சிரஸ்' என்று பெயரிட்டார். லத்தீனில் மயிர்ச்சுருள் என்று பொருள். இது முழுக்கப் பனிப்படிகங்களால் ஆனது.

தலைக்கு மேல் இருக்கும்போது அதன் ஊடாகச் சூரியனும் தெரியும். இளம்பிறையோ அடிவானத்தை ஒட்டி நிற்கிறது. 5 பாகை உயரத்திலுள்ள பிறையை நோக்கும் பார்வை, 10 கிலோமீட்டர் உயரத்து மேகப்படலத்தைச் சாய்வாக ஊடுருவுகிறது. செங்குத்தாகக் கடப்பதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு நீளமான வழி அது. மறைக்கும் அந்த மேகம் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. காயல்பட்டினத்தில் மாடியில் நிற்பவருக்கு அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே இருக்கும்! பக்கத்து ஊர்க்காரரின் பார்வை அதே படலத்தின் இடைவெளி வழியே சென்றிருக்கலாம். இருவரும் உண்மையே பேசுகிறார்கள்.

நிலா 'கோட்டை கட்டியிருக்கிறது' என்று வீட்டு மூத்தவர்கள் சொல்லும் வளையமும் பெரும்பாலும் இம்மேகத்தின் வேலையே. அறுகோணப் படிகங்களில் ஒளி வளைவதால், நிலவிலிருந்து 22 பாகை தள்ளி அது தோன்றுகிறது. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறத்தாழ ஒரு சாண். வங்கக் கடலில் புயல் உருவாகும்போது அதன் உச்சியிலிருந்து இக்கீற்றுகளே முன்னதாக வெளியே பரவுகின்றன. ஆயினும் கீற்றைக் கண்டவுடன் மழை நிச்சயம் என்று சொல்லிவிட இயலாது. எங்கோ பெய்து ஓய்ந்த இடிமேகத்தின் மிச்சமாகவும் அது இருக்கலாம்.

வெயிலைப் பெருமளவு உள்ளே விட்டு, பூமியிலிருந்து எழும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது இதன் மற்றோர் இயல்பு. ஆகவே மெல்லிய கீற்று மேகங்கள் மொத்தத்தில் பூமியைச் சூடாக்குகின்றன. குளிர்ந்த, ஈரமான உயர்காற்றில் விமானங்கள் இழுக்கும் வெண்கோடுகளும் பரவிக் கீற்று மேகமாகின்றன. உம்ராவுக்கு நாம் ஏறிச் செல்லும் விமானம் உட்பட.

இதைக் கேட்ட ஒரு சிறுவன், "உஸ்தாத், விமானம் போட்ட கோடு பிறையை மறைத்தால் அதுவும் கணக்கா?" என்றான். ஹதீஸிலுள்ள அரபுச் சொல்லுக்கு மூடி மறைக்கப்படுதல் என்பதே பொருள். மூடியது எது என்ற நிபந்தனை அதில் இல்லை என்றோம். மறுமாதம் 29ஆம் நாள் மஃரிபுக்கு முன்பே அவன் மாடியில் நின்று, மேற்கே கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.