வாடைக்கு முன் ஓர் ஊசி

நுரைச்சோலைக்குக் குளிர்காலம் உண்டா என்று மாணவன் ஒருவன் கேட்டான். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் இலக்கணத்தைக் கற்பித்துக்கொண்டிருந்த வேளை அது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இம்மணற்றரையில் கம்பளிச் சட்டையைக் கண்டவர் யார்? ஆயினும் வாடை உண்டு. களப்பைக் கடந்து அக்காற்று வரும் நாட்களில் வகுப்பின் முன்வரிசை தும்மத் தொடங்கும். மூன்றாம் நாள் பின்வரிசை. அடுத்த கிழமை வரவு இடாப்பில் வெறும் வட்டங்கள் பெருகும்.

'தடிமன்தானே, மாறிவிடும்' என்பர் பெரியோர். பெரும்பாலும் மாறியும் விடுகிறது. ஆனால் தடிமன் என்னும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ வைரசுகள் ஒளிந்துகொள்கின்றன. பூவுக்கு ஏழு பருவப் பெயர் வைத்த மொழி இவ்விடத்தில் சற்றுச் சோம்பியே இருந்துவிட்டது. அவற்றுள் ஒன்றான இன்புளுவென்சா, 1918 அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்புத் துறைமுகத்தையும் கரையோரங்களையும் உலுக்கியது. 1919 மார்ச்சில் மலைநாட்டில் உச்சம் கண்டது. இத்தீவில் ஏறக்குறைய மூன்று இலட்சம் உயிர்களை அது கொண்டு சென்றதென ஆய்வாளர் கணித்துள்ளனர். தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் காற்றுக்கே வழியில்லாதபோது நோயாளியை எங்கே ஒதுக்கி வைப்பது?

இன்று அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 1952 இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய கண்காணிப்பு வலையில் பல நாட்டு ஆய்வுகூடங்கள் இணைந்துள்ளன. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒன்று. வைரசு உரு மாறிக்கொண்டே இருப்பதால், ஊசியில் எவ்வெவ் வகைகள் இடம்பெற வேண்டும் என்று ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கப்படுகிறது. 2020 மார்ச்சுக்குப் பின் 'பீ யமகாட்டா' என்ற வகை உலகில் எங்கும் உறுதியாகத் தென்படாமையால், அதனை நீக்கும்படி 2023 இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. போட்ட ஊசி உடலில் காப்பாக மாற இரு கிழமைகள் வேண்டும். நம் தீவில் இந்நோய் ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் இருமுறை தலைதூக்குவது வழக்கம். வாடை தொடங்கிய பின் ஓடுவதிற் பெரும்பயன் இல்லை. ஊசி போட்டவருக்குக் காய்ச்சலே வராது என்பதில்லை. வந்தாலும் நியுமோனியா வரை, வைத்தியசாலைக் கட்டில் வரை போகும் வாய்ப்புக் குறைகிறது.

என் தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது, முட்டு வேறு. ஐப்பசி பிறக்குமுன் புத்தளம் நகருக்கு அழைத்துச் சென்று, காசு கொடுத்து ஊசி போடுவித்தேன். இதனைக் கேள்வியுற்ற மாணவி ஒருத்தியின் தாய் பாடசாலை வாயிலில் என்னை நிறுத்தினாள். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவள். மகளுக்கும் முட்டு.

"எவ்வளவு சேர்?"

சொன்னேன். அவளுடைய ஒருநாட் கூலி அதற்குக் காணாது.

"நம்மட கிளினிக்ல சும்மா போட மாட்டாங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1978 இலிருந்து விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தை நடத்திவரும் நாடு இது. இங்கே கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 1993 இல் காணப்பட்டார். மருத்துவமாது வீடுவீடாகச் சென்று பிள்ளைகளின் அட்டையைப் பார்க்கும் நாடு. 2021 இல் கொரோனாத் தடுப்பூசிக்காகப் பாடசாலை மண்டபத்தில் நான் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் மீனவர், பின்னால் தோட்டக்காரர். எவரிடமும் ஒரு சதம் கேட்கப்படவில்லை. எனினும் இன்புளுவென்சா ஊசி தேசிய அட்டவணையில் இல்லை. வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம், வாங்க முடியாதவர்க்குத் தடிமன் சும்மா மாறிவிடும் என்ற பழைய ஆறுதல்தான்.

நுரைச்சோலையில் இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாட்டாக நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையம் இக்கரையில் நிற்கிறது. கடல் தணிந்திருக்கும் புரட்டாதி முதல் சித்திரை வரையே கப்பல்களிலிருந்து கரி இறக்க முடியும். சோளகம் எழுந்தால் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசும். கரித்தூள், சாம்பல் பற்றிச் சுற்றுக் கிராமத்தார் முறையிட்டு வருவது நாடறிந்த செய்தி. தூசிக்கு ஊசி மருந்தாகாது. அதைத் தடுக்கும் கடமை வேறு, அதை இதனோடு குழப்பக்கூடாது. ஆனால் தூசியால் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயில் வைரசு புகுந்தால் துன்பம் இரட்டிக்கும். தீவுக்கு ஒளி கொடுக்கும் ஊரின் பிள்ளை, தன் மூச்சுக்கான ஊசியை மட்டும் கடையில் வாங்க வேண்டுமாம்!

எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க நிதியில்லை என்பர். சரி, கருவுற்ற தாய்மார், முட்டுள்ள பிள்ளைகள், முதியோர் என்று தொடங்கலாமே. அட்டையும் கிளினிக்கும் மருத்துவமாதும் ஏற்கெனவே இருக்கின்றன. குளிர்ப்பெட்டியில் மருந்துதான் இல்லை.

சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளேன். அந்தத் தாய் முதலில் கையொப்பமிட்டாள். அடுத்த கிளினிக் நாளன்று மற்றத் தாய்மாரிடமும் அதைக் கொண்டு செல்வதாகச் சொல்லி, தாளை மடித்துத் தன் பிள்ளையின் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.