தொலைந்த ஒரு மணி நேரம்

கன்ட்ரி இசையை நேரில் கேட்டே தீருவது என்று நாஷ்வில்லில் போய் இறங்கிய நாங்கள் மூவரும் முதல் இரவில் கேட்டது ராக் இசை. பிராட்வே தெருவில் வரிசையாக மதுக்கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழு. வாசலைத் தாண்டி வந்து மார்பில் மோதும் டிரம்ஸ். இளஞ்சிவப்புத் தொப்பியணிந்த மணப்பெண் தோழியர் உண்டியலில் டாலரைப் போட்டு எதைக் கேட்டார்களோ அதைப் பாடினார்கள். பாடியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த உண்டியலை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு.

எங்கள் ஓட்டுநர் நண்பருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. மாதக் கடைசியில் அவர் அமெரிக்காவை விட்டு மதுரைக்கே திரும்புகிறார், பயணமே அவருக்காகத்தான். “மூலத்துக்கே போய்விடுவோம்” என்றார். மூலம் என்பது ஏறத்தாழ 300 மைல் கிழக்கே, வர்ஜீனியாவின் ஹில்டன்ஸ் என்னும் சிற்றூர். கார்ட்டர் குடும்பத்தின் மண். 1927இல் பிரிஸ்டலில் விக்டர் நிறுவனத்துக்காக அவர்கள் பாடிய பதிவுகளிலிருந்தே கன்ட்ரி இசையின் வரலாற்றைத் தொடங்குவோர் பலர். ஏ.பி. கார்ட்டரின் மகள் ஜேனட் 1974இல் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரி அங்கே நடந்துவருகிறது. மாலை ஏழரைக்கு.

மதியம் ஒன்றரைக்குப் புறப்பட்டோம். ஏ.பி. கார்ட்டரும் இப்படித்தான் பாட்டுத் தேடி மலையூர்களில் அலைந்தார் என்று நண்பர் சொல்லிக்கொண்டு வந்தார். சொற்களை அவர் எழுதிக்கொள்வாராம். மெட்டை நினைவில் வைத்துக்கொள்வது உடன் போன லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். இசைத்தட்டில் கார்ட்டரின் பெயர் மட்டுமே வந்தது. கதை எங்களை உருக்கியது. ஆயினும் ஸ்டியரிங்கை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை.

கிராஸ்வில்லைத் தாண்டிச் சற்று நேரத்தில், “என் செல்பேசி ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டுகிறதே” என்றார். “உமது செல்பேசிக்கும் ஊர் திரும்பும் அவசரம்” என்று சிரித்தோம். காரின் கடிகாரத்தை நம்பி, சாவகாசமாகப் பொரித்த மீனும் தின்றோம். ஏழு இருபதுக்கு, பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட பெருமிதத்தோடு இறங்கினால், உள்ளே கச்சேரி களைகட்டியிருந்தது. நுழைவுச்சீட்டு கொடுத்த அம்மாள் கைக்கடிகாரத்தைக் காட்டினார். எட்டு இருபது. டென்னசியின் குறுக்கே நேர எல்லை ஒன்று ஓடுவதை இருபதாண்டு அமெரிக்க வாசம் எங்களுக்குக் கற்பித்திருக்கவில்லை.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

அங்கே மதுவுக்கு இடமில்லை, மின்கருவிகளுக்கும் இல்லை. ஜானி கேஷுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த வீட்டு மருமகன் அல்லவா! 2003 ஜூலை 5இல் அவர் கடைசியாகப் பாடிய மேடையும் இதுதான். பிடிலும் பாஞ்சோவும் முடுக்க, லாடம் அடித்த காலணிகளோடு முதியவர்கள் மேடைக்கு முன்னே தரையை அதிரவைத்தார்கள். பாட்டி ஒருவர் வந்து எங்கள் நண்பரின் கையைப் பிடித்து இழுத்தார். கல்யாண வீட்டில்கூடத் தாளம் போடாத மனிதர், அலுவலகக் காலணியோடு மூன்று பாட்டுக்கு ஆடினார். அவர் இறங்கிவந்த சிறிது நேரத்தில் கச்சேரி முடிந்துவிட்டது.

மறுநாள் மேற்கே திரும்புகையில் எல்லை கடந்ததும் செல்பேசி ஒரு மணி நேரம் பின்வாங்கியது. “பார்த்தீரா, என் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது” என்றார் காரின் சொந்தக்காரர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பதில் இல்லை. கால் மட்டும் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, இடது கால்.