காலிக் கோட்டைக்குள் குடியிருக்கிற ஆக்கள்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வயது யாழ்ப்பாணத்தாருக்கு ஷெல் சத்தம்தான் நினைவுக்கு வரும். சிறுவயதில் அது பொலிசும் மறியற்சாலையும் இருக்கிற இடம். பிறகு 1990 முற்றுகை. உள்ளே ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாயிற்று.

ஆகவே எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு காலிக்குப் போவதென்று முடிவெடுத்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 18 பேர் சேர்ந்தோம். எங்களில் ஒரு அக்காவின் வீடு பண்ணைப் பக்கம் இருந்தது. 1990இல் உடுத்த உடுப்போடு ஓடியவ. காலியில் பழைய வாசலடியில் நின்றுகொண்டு அவ கேட்ட முதற் கேள்வி: "தம்பி, உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ?"

இருக்கினம். அதுதான் அந்த இடத்தின் அதிசயம்.

1588இல் போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டை. 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்துக் கட்டியது. வாசலின் உட்புறத்தில் சேவல் உருவத்தோடு ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், 1669 என்ற ஆண்டோடு இருக்கிறது. நிலத்துக்குக் கீழே அவர்கள் போட்ட கழிவுக் கால்வாய்களைக் கடலின் ஏற்ற இறக்கமே கழுவிவிடுமாம். எங்களோடு வந்த கணித வாத்தியார் அரை மணித்தியாலம் இதையே கதைத்தார். 1755இல் கட்டிய தேவாலயம் கூரையோடும் கல்லறைக் கற்களோடும் அப்படியே நிற்கிறது. எங்களுடையது அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பல வீடுகள் இன்று ஹோட்டலும் இரத்தினக்கல் கடையுமாகிவிட்டன. ஒரு கோப்பிக்குக் கேட்ட விலை எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் சோறும் பலாக்காய்க் கறியும், கொறக்காய்ப்புளி போட்டுக் கறுக்கச் சுண்டிய தென்பகுதி மீனும். மீன் குழம்பு என்றால் தேங்காய்ப்பால் வேணுமென்று சண்டை பிடிக்கிற நாங்கள் சட்டியை வழித்துவிட்டோம்.

பின்னேரம் மதிலில் நடந்தோம். வெளிச்சவீட்டுக்கு முன்னால் ஒரு பள்ளிவாசல், பார்த்தால் தேவாலயம் மாதிரி. 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அடிபட்டுப்போக, இந்த மதில் உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தது. எங்கள் கோட்டை மதில் யாரைக் காத்தது என்று அக்கா கேட்டா. பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அவ கேட்கவில்லை.

பட்டம் விட்டுக்கொண்டிருந்த பொடியன் ஒருவனிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், வீடு எங்கே என்று கேட்டா. அவன் கீழே கையைக் காட்டினான். கொடியில் வெள்ளைப் பள்ளிச் சட்டை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. அக்கா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு மாங்காய் அச்சாறு வாங்கி எல்லோருக்கும் பங்கு வைத்தா. உறைப்பில் கண்ணீர் வந்தது என்று அவவே சொன்னா.

போக நினைக்கிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து ரயிலில் போங்கோ, வலது பக்கம் இருங்கோ, கடல் கிட்டத் தெரியும். மதிலில் நிழல் இல்லை, நாலு மணிக்குப் பிறகு ஏறுங்கோ. கடல் பக்கம் தடுப்புக் கம்பி கிடையாது. முழங்கால் வருத்தக்காரர் உள்விளிம்பிலேயே நடக்கவும்.